சிறைச்சாலையில் கல்வியும் கைத்தொழிலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களில் பேசப்படும் விஷயங்கள் நீங்கள் அறிந்தனவே. பாடசாலை, மாணவர் விடுதி, உபகாரச் சம்பளம், நூல் விலையேற்றம், கலியாணச் செலவுக் குறைப்பு ஆகிய இவைபற்றிப் பேசாத ஆண்டில்லை. இவையனைத்தும் வேண்டியனவே. ஆயினும் இவற்றால் நன்மையடைவோர் யாவரும் நம் கண்முன் நடமாடுவோர். நம் கண்ணுக்கு மறைவாக, உயர்ந்த மதில்களுக்குள்ளே, ஆண்டுக்கணக்கில் வாழ்நாளைக் கழிக்கும் ஒரு கூட்டத்தார் உளர். அவர்களுள் நம்மவரும் இருக்கின்றனர், பிறரும் இருக்கின்றனர். அவர்களுக்குச் சிறையினுள் கிடைக்கும் கல்வியையும் கைத்தொழிற் பயிற்சியையும், அவற்றால் விளையும் பயனையும், அவ்விஷயத்தில் நமக்குள்ள கடமையையும் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

இது நமது சங்கத்திற்கு ஏற்ற பொருளா என்று சிலர் நினைக்கலாம். ஏற்ற பொருளே என்பதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, நமது நாட்டுச் சிறைகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் தொழில்களுள் முக்கியமானது நெசவு. நம் முன்னோர் நமக்கு வைத்துச்சென்ற தொழிலே அங்குக் கைதியின் கையில் கொடுக்கப்படுகிறது. அத்தொழில் எங்ஙனம் கற்பிக்கப்படுகிறது, கற்றவன் வெளிவந்து அதனால் பிழைக்கின்றானா என்று கேட்பதற்கு நம்மைவிட உரிமையுடையோர் யார்? இரண்டாவது, சாதியின் பெயரால் கூடியிருக்கும் சங்கம் நம்முடையது. சிறைக்குள்ளும் சாதி புகுந்து வேலையைப் பங்கிட்ட கதை ஒன்றுண்டு. அதனை அறிந்து, நம் நிலை யாதெனத் தெளிவாகச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது.

சிறையைத் தண்டிக்கும் இடமாக மட்டுமே கருதாமல், மனிதனைத் திருத்தும் இடமாகக் கருதவேண்டும் என்பது மேனாட்டாரிடம் நாம் கடன்வாங்கிய எண்ணம் என்று சிலர் கூறுவர். அவர்கள் நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையை ஒருமுறை புரட்டிப்பார்ப்பாராக. புகார் நகரத்து அரசனிடம் மணிமேகலை வேண்டிக்கொண்டது பொன்னுமன்று, பூமியுமன்று; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கவேண்டுமென்பதே. அதற்கெனக் காப்பியத்தில் ஒரு காதையே அமைந்துளது. ஆதலின் இவ்வெண்ணம் தமிழருக்குப் புதிதன்று. புதிதாக நம்மிடை வந்தது அதற்கு நேர்மாறான எண்ணமே.

அது வந்த வழியைச் சுருக்கிக் கூறுவோம். ஆங்கிலக் கம்பெனியார் காலத்தில், மெக்காலே பிரபு முயன்றதன் பயனாக, இந்தியச் சிறைகளைப்பற்றி ஆராய ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. அது 1838ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. கைதிகளுக்குக் கல்வி, நீதிபோதனை, நன்னடத்தைக்குப் பரிசு ஆகிய எதுவும் வேண்டாம். சலிப்பூட்டும் ஒரே மாதிரியான வேலையே வேண்டும் என்பது அக்கமிட்டியின் கருத்து. வேலையால் ஒரு பொருள் உண்டாகவேண்டும், ஒரு தொழில் கைவரவேண்டும் என்பது நோக்கமன்று. கைதியின் உடலும் உள்ளமும் நோகவேண்டும் என்பதே நோக்கம். எழுபது ஆண்டு கழிந்தும் அந்நோக்கம் மறையவில்லை. 1908ஆம் ஆண்டில் தண்டனைபெற்ற தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த செய்தியை நம் குழந்தைகளும் அறிவர். மாடு செய்யும் வேலையை மனிதனுக்குக் கொடுத்தால் அவன் அதிலிருந்து கற்பதற்கு என்ன இருக்கிறது? அதே பிள்ளையவர்கள் சிறைவாசத்தினிடையே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழாக்கும் பணியிலும் ஈடுபட்டார்கள். செக்கு அவரது உடலை வாட்டியது. எழுத்து அவருக்கும் தமிழுக்கும் பயன்பட்டது. ஒரு சிறைவாசத்தில் இருவகை உழைப்பையும் நாம் காண்கின்றோம். இவற்றுள் எது வேண்டுமென்பதே இன்றும் நம் முன்னுள்ள வினா.

1919–20ஆம் ஆண்டுகளில் அலெக்ஸாண்டர் கார்டியூ என்பார் தலைமையில் அமர்ந்த இந்தியச் சிறைக் கமிட்டிதான் இந்நாட்டில் முதன்முதலாக, கைதியைச் சீர்திருத்தி மீண்டும் சமூகத்தில் வாழச் செய்வதே சிறை நிர்வாகத்தின் குறிக்கோளாதல் வேண்டும் என்று எடுத்துரைத்தது. நம் மாகாணத்தில் 1925ஆம் ஆண்டின் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம், குற்றம் புரிந்த வாலிபரைப் பழகிய குற்றவாளிகளோடு அடைக்காமல், தனியாக வைத்துப் படிப்பும் தொழிலும் கற்பிக்க வழிசெய்தது. சுதந்திரத்தின் பின்னர், 1980 முதல் 1983 வரை ஆராய்ந்த நீதிபதி முல்லா அவர்களின் கமிட்டியும், 2003, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மாதிரிச் சிறைக் கையேடுகளும் இதனையே வற்புறுத்தின. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் புதுப்பித்து, நெல்சன் மண்டேலா அவர்களின் பெயரைச் சூட்டிய விதிகளும் கல்வி, தொழிற்பயிற்சி, நியாயமான கூலி ஆகிய மூன்றையும் கைதிக்கு உரியனவாகக் கூறுகின்றன. ஏட்டளவில் குறை அதிகமில்லை. நடைமுறை யாது என்பதையே பார்க்கவேண்டும்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் தொகை 5,73,220. அச்சிறைகளின் கொள்ளளவோ 4,36,266. அங்கிருந்தோருள் 4,34,302 பேர், அஃதாவது நான்கில் மூன்று பங்கினர், இன்னும் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். கல்வி நிலையைப் பார்த்தால், நால்வரில் ஏறக்குறைய ஒருவர் எழுத்தறியாதவர். பதின்மரில் ஏறக்குறைய நால்வர் பத்தாம் வகுப்புக்குக் கீழே படிப்பை நிறுத்தியவர். இவ்விரு திறத்தாரையும் சேர்த்தால் மூவரில் இருவராகிறது. கல்லாமையே குற்றத்திற்குக் காரணம் என்று யாம் கூறவில்லை. கற்றவர் செய்யும் குற்றங்களை நாம் நாள்தோறும் பத்திரிகையில் படிக்கின்றோம். ஆயினும் பள்ளிக்கூடம் கைவிட்டவர்களே சிறையை நிரப்புகின்றனர் என்பதை இத்தொகைகள் காட்டவில்லையா?

இனி, நடைபெறும் நற்காரியங்களையும் மறைக்கலாகாது. தமிழ்நாட்டில் புழல், வேலூர், கடலூர், சேலம், கோயமுத்தூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் மத்திய சிறைகள் உள. அவற்றில் நெசவு, தையல், காலணி, சோப்பு, ரொட்டி முதலியன செய்யும் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. வேலூர்ச் சிறையின் காலணியும் கோயமுத்தூர்ச் சிறையின் துணியும் பெயர்பெற்றவை. 2018 முதற்கொண்டு சிறைத்துறையார் சில ஊர்களில் பெட்ரோல் நிலையங்களும் நடத்திவருகின்றனர். அங்குத் தண்டனைபெற்ற கைதியே வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றி, காசு வாங்கி, கணக்கு ஒப்புவிக்கின்றான். பெட்ரோல் ஊற்றுவது பெரிய வித்தையன்று. ஆனால் பொதுமக்கள் அவனிடம் காசைக் கொடுத்து, மீதியை எண்ணாமல் வாங்கிச் செல்கின்றனரே, அதுவே அவனுக்கு அளிக்கப்படும் பெரிய பாடம். நமக்கும் அது ஒரு பாடம்.

கல்வியிலும் அவ்வாறே. ஆண்டுதோறும் தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து கைதிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதித் தேறிவருகின்றனர். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கைதிகளிடம் கட்டணம் வாங்காமல் பட்டப்படிப்புக்கு இடந்தருகிறது. தில்லித் திகார்ச் சிறையில், 1993 முதல் 1995 வரை கிரண் பேடி அவர்கள் தலைமை அதிகாரியாயிருந்த காலத்தில், எழுத்தறிந்த கைதி எழுத்தறியாத கைதிக்குக் கற்பிக்கும் முறை ஊக்கம் பெற்றது. ஆசிரியர் வரவில்லையென்று காத்திராமல், உள்ளிருப்போரையே ஆசிரியராக்கிய இம்முறை ஏழைநாட்டுக்கு மிகவும் ஏற்றது. கற்பிப்பவனும் அதனால் மனிதனாக மதிக்கப்படுகின்றான்.

ஆயின் குறை யாதெனின், மூன்று கூறுவோம்.

முதற்குறை: பயிற்சியெல்லாம் பெரும்பாலும் தண்டனைபெற்றோரையே எட்டுகிறது. கடுங்காவல் தண்டனைபெற்றவனுக்கே வேலை கட்டாயம். விசாரணைக் கைதியை வேலைசெய்யுமாறு கட்டாயப்படுத்தல் ஆகாது. அது நியாயமே, குற்றவாளியென்று தீர்மானிக்கப்படாதவனைக் கடின வேலைக்கு ஏவுதல் எங்ஙனம் தகும்? ஆனால் அதன் பயனாக, நான்கில் மூன்று பங்கினர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், சும்மா உட்கார்ந்திருக்கின்றனர். சும்மா இருப்பவனுக்குப் பக்கத்திலிருப்பவன் எதைக் கற்பிப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி பொருந்தாது. என்று விடுதலையாவர் என்று யாருக்கும் தெரியாது. எழுத்தறிவு, கணக்கு, சட்டத்தில் தம் உரிமை, ஒரு மாதத்தில் கற்கக்கூடிய சிறு கைவேலை ஆகியவை பொருந்தும். விரும்பியவர் கற்கத் தடையேதுமில்லை; கற்பிப்பாரே தேவை.

இரண்டாங்குறை: சிறையினுள் கற்கும் தொழில் வெளியே விலைபோவதாயிருக்கவேண்டும். இதை நெசவாளராகிய நாமே நன்கறிவோம். வெளியே விசைத்தறி ஓடும் ஊரில், உள்ளே பழைய தறியில் ஒரே மாதிரியான முரட்டுத்துணியைப் பத்தாண்டு நெய்தவன் விடுதலையாகி வந்தால், எந்தப் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைக்கும்? பாவு கட்டுதல் ஒருவன், நாடா ஓட்டுதல் ஒருவன், சாயமிடுதல் ஒருவன் என்று பகுத்து வேலை வாங்குவது தொழிற்கூடத்திற்கு இலாபம். ஆனால் முழுத்தொழிலும் அறியாதவன் தனியே தறி வைத்துப் பிழைக்கமாட்டான். நூல் வாங்குமிடம், கூலிக்கணக்கு, புதிய கரை, புதிய சாயம், விற்கும் வழி ஆகிய எல்லாம் தெரிந்தவனே நெசவாளன். அவ்வாறே கல்விச் சான்றிதழும் அரசாங்கத் தேர்வுத்துறையாலோ பல்கலைக்கழகத்தாலோ வழங்கப்படவேண்டும். அதில் சிறைச்சாலையின் பெயர் இருத்தல் கூடாது. பெயர் இருந்தால் அச்சான்றிதழே அவனுக்கு இரண்டாவது தண்டனைச் சீட்டாகும்.

மூன்றாங்குறை பெண்கைதிகளைப் பற்றியது. சிறையிலிருப்போருள் பெண்கள் நூற்றுக்கு நால்வரே. தொகை சிறிதாகையால் அவர்கள்பால் கவனமும் சிறிதாயிற்று. தையலும் பூவேலையும் கற்பித்தால் போதுமென்று பலவிடங்களில் நினைக்கின்றனர். 1987இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அவர்களின் கமிட்டி பெண்கைதிகளின் நிலைபற்றி விரிவாக எழுதியது. ஆண் சிறையிலிருந்து வந்தால் மனைவி ஏற்றுக்கொள்கின்றாள்; பெண் வந்தால் பிறந்தகமும் புகுந்தகமும் ஒருங்கே கதவைச் சாத்துகின்றன. யாரையும் சாராமல் சோறு தேடிக்கொள்ளும் தொழில் ஒருவருக்கு வேண்டுமானால், அது அவளுக்கன்றோ முதலில் வேண்டும்? ஆறு வயதுவரை குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாமென்பது விதி. அக்குழந்தைகளின் பால்யக் கல்வியும் இதனுள் அடங்கும்.

இவ்வளவு முயற்சிக்கும் பயன் உண்டா என்று கேட்போருக்கு ஒரு சான்று காட்டுவோம். அமெரிக்காவில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார், முப்பதாண்டுக் காலத்தில் வெளிவந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சிறையில் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றோர் மீண்டும் குற்றத்திற்குத் திரும்பும் வாய்ப்பு, பெறாதோரினும் 43 சதவீதம் குறைவு என்றும், கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும், விடுதலைக்குப் பின் மூன்றாண்டுகளில் மறுசிறைச் செலவில் நான்கு முதல் ஐந்து டாலர்வரை மிச்சமாகிறதென்றும் அவர்கள் கண்டனர். அந்நாட்டுக் கணக்கு நம் நாட்டுக்கு அப்படியே பொருந்துமென்று யாம் சாதிக்கவில்லை. கற்க முன்வருபவன் இயல்பாகவே திருந்தும் மனமுடையவனாயிருக்கலாம் என்ற ஆட்சேபமும் உண்டு. ஆயினும் அதனையும் கருத்திற்கொண்டு செய்த ஆராய்ச்சிகளே அம்முடிவுக்கு வலிவளித்தன. கல்வியால் எல்லாரும் திருந்துவர் என்பார் சொல்லை நம்பவேண்டாம். ஒருவரும் திருந்தார் என்பார் சொல்லையும் நம்பவேண்டாம்.

நிற்க. நம் சபையிலேயே எழக்கூடிய இரண்டு ஆட்சேபங்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.

"நேர்மையாக வாழும் ஏழையின் பிள்ளைக்கே கல்லூரிச் சம்பளம் கட்ட வழியில்லை; திருடனுக்கு இலவசப் படிப்பா?" என்பது முதலாவது. இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கு அமர்ந்திருப்போருள் வீட்டைப் பறிகொடுத்தவரும் இருக்கலாம். மகனையே பறிகொடுத்தவரும் இருக்கலாம். அவர்களிடம் சென்று, மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல யாம் யார்? ஆனால் அவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். சிறை சென்றவருள் மிகப்பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வரத்தான் போகின்றனர். நம் தெருவுக்கே வருவர். வரும்போது கையில் தொழிலோடு வருவது நமக்கு நல்லதா, வெறுங்கையோடு வருவது நல்லதா? 1998ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார், குஜராத் அரசாங்கத்தைப் பற்றிய வழக்கொன்றில், கைதிக்கு நியாயமான கூலி கொடுக்கவேண்டுமென்றும், அக்கூலியில் ஒரு பங்கைக் குற்றத்தால் நஷ்டமடைந்தோருக்கு ஒதுக்க ஏற்பாடு செய்யவேண்டுமென்றும் தீர்ப்பளித்தனர். தொழிலறிந்த கைதி சம்பாதித்தால்தான் நஷ்டமடைந்தவருக்கு ஒரு காசாவது சேரும். சோம்பியிருக்கும் கைதியால் அவருக்கு என்ன வரும்?

இரண்டாவது ஆட்சேபம் தொழிலாளிகளுடையது. "சிறைத்துணி மலிவாக வந்தால் எங்கள் துணி என்னாகும்?" என்பது. இதுவும் பழைய கவலையே. இதற்கு விடை சிறைத்தறியை நிறுத்துவதன்று. முதலாவது, சிறைத் தொழிற்கூடங்களில் ஆகும் பொருள்களை அரசாங்க இலாகாக்களே பெரிதும் வாங்கிக்கொள்ளுமாறு செய்யலாம். இரண்டாவது, கைதிக்குக் கூலி குறைவாயிருப்பதாலன்றோ அவன் நெய்த துணி மலிவாகிறது? அவனுக்கு நியாயமான கூலி கொடுக்கவேண்டும் என்று கேட்பது, அவன்மேலுள்ள இரக்கத்தால் மட்டுமன்று. நம் தறியைக் காப்பதற்குமாகும். கூலியற்ற உழைப்பு எங்கே நடந்தாலும், அது கூலிக்கு உழைப்பவன் வயிற்றில்தான் அடிக்கும்.

இனி, சாதியைப்பற்றிய விஷயத்துக்கு வருவோம். இங்கே யாம் கூறுவது சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க. பல மாகாணங்களின் சிறைக் கையேடுகளில், சமையல் வேலைக்கு இன்ன சாதியார், கூட்டித்துப்புரவு செய்யும் வேலைக்கு இன்ன சாதியார் என்று அச்சிட்ட விதிகளே இருந்துவந்தன. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து எழுபது ஆண்டு சென்றும் அவை அழிக்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா அவர்கள் தொடுத்த வழக்கில், இவ்விதிகள் சட்டவிரோதமானவை என்று தள்ளி, கைதிகளின் பதிவேட்டிலுள்ள சாதிப்பத்தியையே நீக்கும்படி உத்தரவிட்டனர். நமது பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்துவைத்த வழக்கமும் அத்தீர்ப்பில் ஆராயப்பட்டது. சண்டை நேராமல் தடுக்கவே பிரிக்கின்றோம் என்று கூறப்பட்ட சமாதானத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை.

சாதிச் சங்கத்தார் இத்தீர்ப்பை எங்ஙனம் வரவேற்பது? எம் அபிப்பிராயம், இருகை நீட்டி வரவேற்கவேண்டுமென்பதே. பிறப்பைப் பார்த்து ஒருவன் கையில் துடைப்பத்தையும் மற்றொருவன் கையில் அகப்பையையும் கொடுக்கும் சிறையில் தொழிற்பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. தொழிற்பயிற்சியின் பொருள், பிறப்பால் வாராத ஒன்றை உழைப்பால் அடைதல். நெசவு நம் குலத்தொழில் என்று பெருமைகொள்கின்றோம், கொள்க. ஆனால் வேறு குலத்தான் ஒருவன் சிறையில் அதனைக் கற்று நம்மினும் நேர்த்தியாக நெய்தால், அவனும் நெசவாளனே. ஒரு சாதியையே குற்றப்பரம்பரை என்று பட்டியலில் எழுதிய கொடுமையும் இந்நாட்டில் நடந்தது. 1871இல் பிறந்து, 1911இல் நம் மாகாணத்துக்கும் நீட்டப்பட்ட அச்சட்டத்தை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3ஆந் தேதி பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடெங்கிலும் அச்சட்டம் ஒழிந்தது. பிறப்பால் குற்றவாளி என ஒருவனைச் சொல்லலாகாது என்றால், பிறப்பால் நம்மவன் என்பதற்காக மட்டுமே ஒருவனுக்கு உதவுவதும் ஆகாது.

இதனைச் சார்ந்த மற்றொன்றையும் மறைக்காமல் கூறிவிடுகின்றோம். ஊர்களில் சாதிக் கலகம் நேரும்போது வாலிபர்கள் சிறை செல்கின்றனர். எல்லாச் சாதியிலும் இது நடக்கிறது, நம்மவருக்கு விலக்கில்லை. அப்போது வக்கீல் சம்பளத்துக்குப் பணம் திரட்டுவதும், ஜாமீனில் வந்தவனுக்கு மாலையிடுவதும் நாம் காணாத காட்சிகளல்ல. ஆனால் அவ்வாலிபன் பாதியில் விட்ட படிப்பு என்னவாயிற்று, அவன் கற்ற தொழில் என்னவாயிற்று என்று கேட்ட பெரியவர் எத்தனை பேர்? வழக்கு பத்தாண்டு நடக்கும். மாலை மறுநாளே வாடிவிடும். அவன் முப்பது வயதில் படிப்புமின்றித் தொழிலுமின்றி நிற்கும்போது, அவனை வீரனென்று புகழ்ந்தவர் வீட்டில் அவனுக்குப் பெண் கொடுப்பார் உளரா? அவனுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உதவி, சிறைக்குள் ஒரு புத்தகத்தைச் சேர்ப்பித்து, தேர்வெழுத விண்ணப்பம் வாங்கிக்கொடுப்பதே.

தனிப்பட்ட ஒரு சங்கத்தால் இவ்விஷயத்தில் என்ன முடியும் என்று மலைக்கவேண்டாம். இங்கிலாந்தில் எலிஸபெத் பிரை என்னும் மாதரசி, லண்டன் நியூகேட் சிறையில் பெண்கள் குழந்தைகளோடு அடைபட்டுக்கிடந்த கோரத்தைக் கண்டு, அங்கே குழந்தைகளுக்குப் பள்ளி அமைத்தார். 1817இல் பன்னிரண்டு பெண்மணிகளோடு ஒரு சங்கம் நிறுவி, கைதிப் பெண்களுக்குத் தையலும் பின்னலும் கற்பித்து, செய்த பொருளை விற்றுக்கொடுக்கவும் வழிதேடினார். அவர் க்வேக்கர் என்னும் சிறு சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்குத் துணைநின்றோர் பெரும்பாலோர் அக்கூட்டத்தினரே. ஆனால் நியூகேட்டில் இருந்தவர்களுள் தம் கூட்டத்தார் எத்தனை பேர் என்று அவர் எண்ணிப்பார்க்கவில்லை. தம்மவரை ஒன்றுசேர்த்து, பிறர்க்கு உழைத்தார். ஒரு சிறு கூட்டம் பெருமையடையும் வழி அதுவே. நமது சங்கமும் அவ்வழியே செல்லவேண்டுமென்பது எம் ஆசை.

ஆகையால் இச்சபையாரின் முன் நான்கு யோசனைகளைப் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது, நம்முள் நெசவிலும் சாயத்திலும் தேர்ந்தவர்கள், நம் ஜில்லாவுக்கு அண்மையிலுள்ள மத்திய சிறையின் கண்காணிப்பாளரிடம் அனுமதி பெற்று, மாதம் இரண்டு நாளாயினும் சென்று கற்பிக்கவேண்டும். நாடா ஓட்டுவதோடு நிற்காமல், நூல் கணக்கு, கூலிக் கணக்கு, சந்தை நிலவரம் ஆகியவற்றையும் கற்பிக்கவேண்டும். யார் என்ன சாதியென்று கேளாமல் கற்பிக்கவேண்டும்.

இரண்டாவது, நம் சங்கத்துப் புத்தகசாலையில் இரட்டைப் பிரதிகளாகவுள்ள நூல்களையும், நம் விடுதி மாணவர்கள் படித்துமுடித்த பாடப் புத்தகங்களையும் சிறைப் புத்தகசாலைக்கு ஆண்டுதோறும் அனுப்பவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்முள் பலர் உளர். அவர்கள் விசாரணைக் கைதிகளுக்கு எழுத்தறிவு கற்பிக்க முன்வரவேண்டும்.

மூன்றாவது, பட்டறையும் கடையும் வைத்திருக்கும் நம் செல்வர்கள், தொழில் கற்று விடுதலையாகி வருவோருள் ஒருவருக்காயினும் வேலை தரவேண்டும். சர்க்கார் உத்தியோகத்துக்கு அவன் பெரும்பாலும் போகமுடியாது; தனிப்பட்டவர்களின் கதவைத்தான் தட்டவேண்டும். மற்றவருக்குக் கொடுக்கும் கூலியையே அவனுக்கும் கொடுக்கவேண்டும். அவனது பழைய கதை முதலாளிக்கு மட்டும் தெரிந்தாற் போதும். பட்டறை முழுவதும் தெரியவேண்டுவதில்லை. முதல் ஆறு மாதமே கடினமான காலம். அக்காலத்தில் அவனுக்குத் தங்க இடமும் செய்ய வேலையும் இருந்தால், பழைய கூட்டாளிகள் வந்து அழைக்கும்போது அவன் மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

நான்காவது, நம் சங்கத்தின் உபகாரச் சம்பளமும் விடுதி இடமும் வழங்கும்போது, தகப்பன் சிறையிலிருப்பது பிள்ளைக்குத் தடையாகலாகாது என்று விதியிலேயே எழுதிவைக்கவேண்டும். தகப்பனின் குற்றத்திற்குப் பிள்ளையைத் தண்டிக்க எந்தக் கோர்ட்டும் தீர்ப்பளிக்கவில்லை. நாம் மட்டும் ஏன் அளிக்கவேண்டும்? விண்ணப்பத்தில் "தகப்பனார் எங்கிருக்கிறார், என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு திகைக்கும் சிறுவனை எண்ணிப்பாருங்கள். அக்கேள்வியை எடுத்துவிட்டால் சங்கத்துக்கு ஒரு நஷ்டமுமில்லை.

இந்நான்கினுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை; மனம் வேண்டும். நான்கையும் ஒருங்கே ஏற்க இயலாவிடில், கடைசியாகக் கூறியதையேனும் இன்றே தீர்மானமாக நிறைவேற்றுமாறு காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கின்றோம். வரும் கல்வியாண்டுக்கான விண்ணப்பங்களை அச்சிடும் வேலை அடுத்த மாதம் தொடங்கவிருப்பதால், இப்போது விட்டால் மேலும் ஓராண்டு கழியும்.